சத்தம் கேட்கும் தூரம்

1

சைலன்சர் ஒன்று வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரரின் முகம் மாறிவிட்டது.

ஒன்டாரியோ மாகாணத்தில் நாங்கள் குடியிருக்கும் சிறிய ஊரில், நெடுஞ்சாலையை ஒட்டி, வண்டி உதிரிபாகங்கள் விற்கும் பெரிய கடை ஒன்று இருக்கிறது. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்திலிருந்து வீட்டுக்குப் போகும் வழிதான். வேலை உடுப்போடேயே உள்ளே போனேன். கவுண்டரில் நின்றவர் நன்றாகத்தான் சிரித்தார். நான் கேட்டதும் சிரிப்பு நின்றது.

“எதற்கு?” என்றார்.

“என் மகனுக்கு.”

“உங்கள் மகனுக்கு.”

“ஆமாம். பிறந்தநாள் வருகிறது. அவனிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. அது அதிகச் சத்தம். அக்கம்பக்கத்தில் யாருக்கும் கேட்கக் கூடாது.”

அவர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். என் ஆங்கிலம் புரியவில்லை போலும் என்று நினைத்து, அந்தச் சத்தத்தை வாயாலேயே செய்து காட்டினேன். “டப், டப், டப், டப்” என்றேன். அவர் உள்ளே பார்த்து யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மேலாளர் வந்தார். கனமான ஆள். இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துக்கொண்டு, இந்த நாட்டில் அதை விற்பதும் வைத்திருப்பதும் குற்றம் என்று மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

என்ன தப்பு செய்தேன் என்றே தெரியாமல் பயந்து நிற்பது, வந்த முதல் வருடத்திலிருந்து எனக்குப் பழக்கமான நிலைதான். கைப்பையில் நகராட்சி அனுப்பிய கடிதம் இருந்தது. எடுத்து நீட்டினேன். மேலாளர் படித்தார். மோட்டார் சைக்கிள் என்ற வார்த்தையில் விரலை வைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

“ஓ, மப்ளரா!”

சைலன்சர் என்றால் இங்கே துப்பாக்கி வாயில் மாட்டுவதாம். வண்டிக்கு மாட்டுவதை மப்ளர் என்கிறார்கள். நம்மூரில் மப்ளர் என்பது மார்கழிப் பனிக்குக் காதை மூடிக் கழுத்தில் சுற்றிக்கொள்வது. பென்னாகரம் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் முதல் கடைசி சீட்டுக்காரர் வரை அதைச் சுற்றிக்கொண்டுதான் இருப்பார்கள். இத்தனை வருடம் இந்த நாட்டில் இருந்தும், பிறந்தநாளுக்கு என் மகனுக்குத் துப்பாக்கிச் சாமான் வாங்கப் போன தாயாக அன்றைக்கு அந்தக் கடையில் நின்றேன்.

2

மகன் பெயர் ஸ்தேவான். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர். வீட்டில் தேவா. இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்த முதல் வாரத்திலேயே ஸ்டீவ் ஆகிவிட்டான். இப்போது வேறு ஊரில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறான். சில ஞாயிறுகளில் வருவதில்லை. நான் தமிழில் கேட்டால் அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். அவன் அப்பாவோடு பேச்சே குறைவு. சண்டை ஒன்றும் கிடையாது. இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லாமல் போனது, அவ்வளவுதான். அப்பாவின் ஆங்கிலம் கிடங்கு வேலைக்குப் போதுமானது. மகனின் தமிழ் சாப்பாட்டு மேசைக்குப் போதுமானது.

போன வருடம் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினான். வாங்கிய கையோடு கம்பெனியில் மாட்டியிருந்த புகைக்குழாயைக் கழற்றிவிட்டு, வெளியே விற்கும் வேறு ஒன்றை மாட்டினான். அதில் எழும் சத்தம் எங்கள் தெருவுக்குப் பெரிது. இந்தத் தெருவில் நாய் குரைத்தால்கூட நாயின் சொந்தக்காரர் மன்னிப்புக் கேட்கிறார்.

அவன் நெடுஞ்சாலையை விட்டு இறங்கும்போதே எங்களுக்குக் கேட்டுவிடும். அப்புறம்தான் நான் குழம்பைச் சூடாக்க அடுப்பில் வைப்பேன். அது கொதி வரும்போது வாசலில் நிற்பான். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

வசந்தத்தில் அந்தக் கடிதம் வந்தது. உங்கள் முகவரிக்கு வந்துபோகும் வாகனத்தின் ஒலி குறித்துப் புகார் வந்திருக்கிறது. மீண்டும் புகார் வந்தால் அதிகாரி கருவியோடு வந்து அளப்பார். அளவு மீறினால் அபராதமும் வழக்கும். புகார் எழுதியவர் யாரென்று கேட்டால் சொல்லமாட்டார்களாம். தெருவில் ஒவ்வொரு ஜன்னலையும் பார்த்துக்கொண்டு நடந்தேன். எல்லாரும் கையை அசைத்தார்கள். எவர் அசைப்பது பொய் என்று தெரியவில்லை.

நகராட்சிக்குத் தொலைபேசி செய்தேன். ஒன்றை அமுக்கு, நான்கை அமுக்கு என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. கடைசியில் வந்த பெண் பொறுமையானவர்.

“சத்தம் எப்போது வருகிறது?”

“ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்த பிறகு.”

“உங்களுக்கு அந்தச் சத்தம் இடைஞ்சலாக இருக்கிறதா?”

“இல்லை. எனக்கு இடைஞ்சல் இல்லை.”

“அப்படியானால் எதற்குப் புகார் செய்கிறீர்கள்?”

“நான் புகார் செய்யவில்லை. என்மேல்தான் புகார்.”

அவர் என்னை மறுபடியும் முதல் குரலுக்கே மாற்றிவிட்டார்.

என் கணவர் கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு மேசைமேல் கவிழ்த்து வைத்தார். “பையன் வர்றது எனக்குக் கேக்குது. அதுல யாருக்கு என்னா போச்சு?” என்றார். நான்தான் கடைக்குப் போகவேண்டியதாயிற்று. மேலாளர் காட்டியதிலேயே மிக அமைதியானதை வாங்கிக்கொண்டு வந்தேன். பெட்டியைக் காரின் பின்னால் வைத்து ஓட்டிக்கொண்டு வரும்போது பழைய கடை ஒன்று நினைவுக்கு வந்தது. இதற்கு முன் ஒரே ஒரு முறைதான் நான் சைலன்சர் தேர்ந்தெடுத்திருக்கிறேன். அன்றைக்கு நான் கேட்டது இதற்கு நேர் எதிரானது.

3

எண்பதுகளின் நடுவில் நாங்கள் பென்னாகரம் தாண்டி, ஒகேனக்கல் காடு தொடங்கும் செக்போஸ்டுக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். இரண்டு வீட்டாருக்கும் கொஞ்சம் மேட்டு நிலம் உண்டு. மழை பெய்தால் ராகி, பெய்யாவிட்டால் ஒன்றுமில்லை. நான் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சு படிப்பை முடித்துவிட்டு, கல்யாணம் ஆனதால் வேலைக்குப் போகாமல் இருந்தேன். என் கணவர் சவரிமுத்து மீன் எடுத்து விற்றுக்கொண்டிருந்தார். விடியுமுன் ஒகேனக்கல்லுக்கு இறங்கி, பரிசல்காரர்களிடம் கெண்டையும் கெளுத்தியும் வாங்கி, ஐஸ் போட்டு இரண்டு தகரப் பெட்டிகளில் கட்டி, தர்மபுரிக் கடைகளுக்குக் கொண்டுபோவார். அதற்காக ரிட்டையரான ஒருவரிடமிருந்து பழைய புல்லட் வாங்கியிருந்தார்.

ஐஸ் உருகி வழிகிற தண்ணீர் நேராகச் சைலன்சர்மேல்தான் விழும். சூட்டில் பட்டுப் புகையும். ஒவ்வொரு நாளும் பட்டுப் பட்டு, அடிப்பக்கம் துரு தின்று, ஒருநாள் காலை பாதியாக உடைந்து தொங்கியது. கம்பி கட்டி ஓட்டினார். துப்பாக்கி வெடிக்கிற மாதிரி சத்தம்.

செக்போஸ்ட் காவலர் வண்டியை மறித்தார். “யானைங்க எறங்கற காலம். இந்த வெடிச் சத்தத்தோட போனீன்னா தொரத்திக்கினு வரும் பாத்துக்கோ” என்றார்.

அன்றைக்கு ஆற்றங்கரையில் பரிசல்காரர் ஒருவர் நேர்மாறாகச் சொன்னாராம். அவர்கள் வீட்டில் கன்னடம். யானையை ஆனே என்பார்கள். “ஆனேக்குத் தூரத்துலயே கேக்கணும் சவரி. கேட்டா அதும்பாட்டுக்கு ஒதுங்கிக்கும். சத்தமில்லாம பக்கத்துல போய் நின்னாத்தான் ஆபத்து.”

எது சரி என்று யாருக்கும் தெரியாது. அந்தச் சாலையில் வருடத்துக்கு ஒருவராவது மாட்டிக்கொள்வார். தப்பித்தவர்கள் சொல்வதைத்தான் நாம் கேட்கிறோம், மாட்டியவர்கள் என்ன சத்தத்தோடு போனார்கள் என்று யார் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டே இருப்பேன். அப்போது எனக்கு ஆறாம் மாதம். யோசிப்பதைத் தவிர வேலை இல்லை.

பரிசோதனைக்காக என்னைத் தர்மபுரிக்குக் கூட்டிப்போன அன்றே சைலன்சரும் வாங்கிவிடலாம் என்று பஸ் நிலையத்துக்குப் பின்னால் கரீம் பாய் கடைக்குப் போனோம். உதிரிபாகம் விற்பதும் அவர்தான், மாட்டிக் கொடுப்பதும் அவர்தான். எனக்கு ஸ்டூல் போட்டார்.

“ஒரிஜினல் வேணும்னா சேலத்துலருந்து வரணும் தம்பி. எப்ப வரும்னு நான் சொல்ல முடியாது” என்று சொல்லிவிட்டு, மேலே கம்பியில் தொங்கிய இரண்டை இறக்கினார். இரண்டுமே வெளியில் செய்தவை. ஒன்று நீளமானது. உள்ளே தடுப்புத் தகடுகள் வைத்தது. மற்றது கொஞ்சம் குட்டை. ஸ்பேனரால் தட்டிக் காட்டினார். நீளமானது தொம் என்றது. குட்டையானது கோயில் மணி மாதிரி கணீரென்றது.

“இதுல என்னா வித்தியாசம் பாய்?” என்றேன்.

“கண்ணு வச்சுப் பாருங்கம்மா.”

நீளமானதில் கண்ணை வைத்தேன். கும்மிருட்டு. குட்டையானதில் வைத்தேன். அந்தப் பக்கம் ரோடு தெரிந்தது. வட்டத்துக்குள் ஒரு சைக்கிள் போனது.

“இது நேரா வுட்டுடும். சத்தம் ஜாஸ்தி. பெட்ரோலும் கொஞ்சம் ஜாஸ்தி குடிக்கும்” என்றார் பாய். “நீளமானது வச்சா, வூட்டு வாசல்ல வந்து நின்னாத்தான் வந்தீங்கன்னே தெரியும்.”

என் கணவர் நீளமானதைக் கையில் எடுத்துக்கொண்டார். “இதுவே போதும் பாய். கொழந்த வேற வரப்போவுது. தூங்க வேணாமா? அந்தச் செக்போஸ்ட்காரரும் சும்மா இருப்பாரு.”

“யானைக்கு எதுங்க நல்லது?” என்று கேட்டேன்.

பாய் சிரித்தார். “யானை என் கடைக்கு வந்ததில்லம்மா. வந்தா கேட்டுச் சொல்றேன்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு விடியலிலும் அவர் காட்டுக்குள் இறங்கியபிறகு, மறுபடி வாசலில் வந்து நிற்கும்வரை, எனக்கு ஒன்றுமே தெரியாது. அது அந்தக் குழாயின் இருட்டு மாதிரியே இருக்கும். உயிரோடு இருக்கிறாரா என்று சாயங்காலம்வரை தெரியாத நாட்களும் உண்டு. சில நாட்கள் வீட்டில் நிற்காமல் நேராகத் தர்மபுரிக்குப் போய்விடுவார்.

“குட்டையா இருக்கறதே மாட்டுங்க பாய்” என்றேன்.

என் கணவர் திரும்பிப் பார்த்தார். மிக்ஸி ஓடினாலே காதைப் பொத்திக்கொள்கிறவள் நான். “ஏன்மா?” என்றார்.

“நீங்க வர்றது எனக்குக் கேக்கணும்.”

பாய் முன்னால் அப்படிச் சொன்னதில் அவருக்கு வெட்கம். நீளமானதை மெதுவாகக் கீழே வைத்தார்.

4

மாட்டுவதற்குள் மதியம் ஆகிவிட்டது. பழைய நட்டு துருவோடு ஒட்டிக்கொண்டு வரவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, தட்டித் தட்டிக் கழற்றினார்கள். புதியதின் பட்டையில் இருந்த ஓட்டை வண்டியின் ஓட்டையோடு பொருந்தவில்லை. பாய் அரத்தை எடுத்து ஓட்டையைத் தேய்த்து நீட்டினார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

“கழண்டு விழுந்துடாதுங்களே பாய்?”

“விழாதும்மா.”

“ஆட்டிப் பாருங்க ஒருதரம்.”

ஆட்டிக் காட்டினார். அசையவில்லை. இன்னொரு தரம் ஆட்டச் சொன்னேன். என் கணவர் ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டார்.

உதைத்துக் கிளப்பியதும் தெருவே திரும்பியது. புதுப் பெயிண்ட் எரிந்து நீலப் புகை வந்தது. பெட்ரோலும் காற்றும் கலக்கிற இடத்தில் ஒரு திருகைத் திருப்பித் திருப்பிச் சத்தத்தைச் சீராக்கினார் பாய். மேடேறும்போது கனமாக, ஒரே சீராகக் கேட்டது. இறக்கத்தில் பெட்ரோலைக் குறைத்தால் பட் பட்டென்று வெடித்தது. நல்ல சாமான் என்று சொல்ல முடியாது. ஆனால் எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

அதன்பிறகு என் காலைகள் மாறின. ஆற்றிலிருந்து மலைச்சாலை ஏறி வரும்போது முதலில் எங்கோ உடுக்கை தட்டுகிற மாதிரி கேட்கும். ஒரு பாறை மறைத்து ஓசை அறுந்துபோகும். அடுத்த வளைவில் மறுபடி பிடிக்கும். கியர் மாற்றும் இடத்தில் ஒரு மூச்சு நிற்கும். எந்த வளைவில் இருக்கிறார் என்று கண்ணை மூடிக்கொண்டே எனக்குச் சொல்ல முடியும். பகலில் அந்தச் சாலையில் பஸ்ஸில் போனபோது ஒவ்வொரு வளைவாகப் பார்த்து வைத்துக்கொண்டேன். இங்கே ஓசை நிற்கும், இங்கே திரும்ப வரும் என்று.

பயம் போய்விட்டதா என்றால் இல்லை. முன்பு ஒன்றும் தெரியாமல் பயந்தேன். இப்போது ஒவ்வொரு வளைவுக்கும் தனித்தனியாகப் பயந்தேன்.

5

பொங்கல் முடிந்து காடு காய்ந்திருந்த நேரம். அன்றைக்கு ஓசை வழக்கம்போல ஏறி வந்தது. பாறை மறைத்தது. திரும்ப வந்தது. கியர் மாறியது. அதன்பின் வளைவு முழுதும் திரும்புமுன்னே, வெட்டினமாதிரி நின்றுவிட்டது.

அடுப்பங்கரையில் நின்றுகொண்டு காத்திருந்தேன். மறுபடி உதைத்துக் கிளப்பினால் கேட்கும். கேட்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு செக்போஸ்டுக்கு நடந்தேன்.

“வண்டி நின்னுபோச்சுங்க” என்றேன் காவலரிடம்.

“ஒதுங்கப் போயிருப்பாரும்மா. வருவாரு.”

“ஒதுங்கப் போனா ஓரம் கட்டி, மெதுவா கொறச்சுதானுங்க நிறுத்துவாரு. இது பட்டுனு நின்னுச்சு.”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கர்ப்பிணிக்கு வரும் கோளாறு என்கிற இரக்கம் இருந்தது. அதற்குள் ஒகேனக்கல் போகிற முதல் பஸ் வந்தது. குறுக்கே போய் நின்றேன். ஏறிக்கொண்டு டிரைவருக்குப் பின்னாலேயே கம்பியைப் பிடித்து நின்றேன். உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை.

வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தேன். “இங்க நிறுத்துங்க” என்றேன்.

டிரைவர் நிறுத்தினார். சாலை காலியாக இருந்தது. வண்டியும் இல்லை, ஆளும் இல்லை. ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் உண்ணிச்செடிப் புதர் அடர்ந்த சரிவு. கீழே மூங்கில்.

“ஒண்ணுங் காணமேம்மா” என்றார் கண்டக்டர். “ஆத்துப் பக்கம் போய்ப் பாக்கலாம் வாங்க.”

“இங்கதாங்க நின்னுச்சு.”

“எங்கருந்து கேட்டீங்க?”

“வூட்டுலருந்து.”

பஸ்ஸில் யாரோ சிரித்தார்கள். நான் இறங்கிவிட்டேன். “ஏங்க” என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. காட்டில் ஏங்க என்று கூப்பிட்டால் யாருக்குத் தெரியும்? அதுவரை நான் வாய்விட்டுச் சொல்லாத பெயரைச் சொல்லிக் கத்தினேன். “சவரிமுத்து! சவரிமுத்து!” பாறையில் மோதி என் குரலே திரும்பி வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை.

டிரைவர் ஹாரன் அடித்தார். “ஏறுங்கம்மா, நேரமாவுது.”

“நான் ஏறலீங்க. நீங்க போங்க.”

கண்டக்டர் நல்ல மனுஷன். என்னை விட்டுவிட்டுப் போக முடியாமல் சாலை ஓரமாக நடந்துபோய் எட்டிப் பார்த்தார். “அண்ணே,” என்று டிரைவரைக் கூப்பிட்டார். “அங்க காக்கா கூடுது பாரு.”

புதருக்குமேல் காக்கைகள் இறங்கி இறங்கி எழும்பின. ஒன்றின் வாயில் வெள்ளையாக ஏதோ மின்னியது. மீன்.

பஸ்ஸிலிருந்து ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். தடியால் செடியை அடித்துக்கொண்டு, கூச்சல் போட்டுக்கொண்டு சரிவில் இறங்கினார்கள். கீழே மூங்கில் முறிகிற சத்தம் கேட்டது. அவர்கள்தான் முறிக்கிறார்கள் என்று நினைத்தேன். என்னை இறங்க வேண்டாம் என்று கண்டக்டர் கையைப் பிடித்துக்கொண்டார்.

வலது காலின்மேல் வண்டி கிடந்தது. எலும்பு முறிந்திருந்தது. கெண்டைக்காலில் சைலன்சர் பட்டு, தோல் கருகி ஒட்டியிருந்தது. மேலே தூக்கி வந்தபிறகு கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு பென்னாகரம் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள்.

யானையா என்று எல்லாரும் கேட்டார்கள். சாயங்காலம்தான் வாயைத் திறந்தார். “பன்னி. குறுக்க பூந்துச்சு” என்றார்.

அத்தனை மாதம் யானைக்குப் பயந்து, கடைசியில் ஒரு காட்டுப்பன்றி. பிற்காலத்தில் இதைச் சொல்லும்போதெல்லாம் அந்த இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

6

கால் சேர்ந்தது, ஆனால் வண்டியை உதைத்துக் கிளப்புகிற பலம் திரும்பவில்லை. புல்லட்டை விற்றோம். தேவா பிறந்து தவழ்கிற வயதில் நான் மிஷன் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கிருந்து வளைகுடா, அங்கிருந்து இங்கே. நம்மூரில் மீன் பெட்டி தூக்கியவர் இங்கே கிடங்கில் அட்டைப் பெட்டி தூக்குகிறார். இங்கே வந்தபிறகு இரவில் வேலைக்குப் போகும் மகனுக்காகவோ, பனியில் கார் ஓட்டும் கணவருக்காகவோ காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்த நாட்டில் ஜன்னல்கள் இரட்டைக் கண்ணாடி. அவன் அந்த மோட்டார் சைக்கிளை வாங்கும்வரை ஒன்றும் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். பெட்டியைப் பார்த்ததும் முகம் சிவந்தான்.

“ஏன்மா? யூ டிட்ன்ட் ஈவன் ஆஸ்க் மீ. மை பைக்.”

கடிதத்தைக் காட்டினேன். படித்தான். “திஸ் இஸ் நத்திங்” என்றான். எனக்கு அது நத்திங் இல்லை என்று அவனுக்கு எந்த மொழியில் சொல்வது என்று தெரியாமல் சமையலறைக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரம் கழித்துக் கராஜில் ஸ்பேனர் விழும் சத்தம் கேட்டது. கழற்ற ஆரம்பித்திருந்தான். என் கணவர் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, ஸ்டூல் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

தேநீர் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். கராஜ் கதவு பாதி திறந்திருந்தது. இருவரும் பேசிக்கொண்டிருப்பது கேட்டு நின்றுவிட்டேன். அவர்கள் பேசுவது அபூர்வம். உள்ளே போனால் நிறுத்திவிடுவார்கள்.

“எல்லா நட்டையும் மொதல்ல லூசா மாட்டிக்க. அப்பறந்தான் இறுக்கணும். இல்லைன்னா ஓட்டை சேராது” என்றார் அவர்.

“ஓகே.” பிறகு மகன் அவர் காலிலிருந்த தழும்பைக் காட்டிக் கேட்டான். “அப்பா, திஸ் ஸ்கார். இது பைக்தானே? பிக் வந்துச்சுன்னு அம்மா சொல்வாங்க.”

“ஆமா. பன்னிதான் மொதல்ல.”

“மொதல்லன்னா?”

ஒரு நட்டை எடுத்து மகனிடம் நீட்டினார். “அப்பறம் யானை இருந்துச்சு” என்றார்.

தேநீர்த் தட்டைக் கதவோரம் தரையில் வைத்தேன்.

“வண்டி மேல கெடக்குது. காலு எரியுது. கத்தலாம்னு வாயைத் தொறந்தேன். கீழ மூங்கிலுக்குள்ள வயிறு உறுமற சத்தம். தாயும் குட்டியும். குட்டி வச்சிருக்கற யானை கிட்ட மூச்சு வுடக்கூடாது. அப்படியே வாயைப் பொத்திக்கினேன். அப்பறம் பஸ் சத்தம். நின்னுச்சு. உங்கம்மா குரல்.”

நான் கதவைத் தள்ளிவிட்டேன். இருவரும் திரும்பினார்கள்.

“நான் கூப்பிட்டது கேட்டுதா?”

“நீ அங்கியா இருந்த?” என்றார்.

“கேட்டுதான்னு கேக்கறேன்.”

“மொத தடவையே கேட்டுது.”

“பேரு சொல்லிக் கூப்பிட்டதும்?”

“அதும் கேட்டுது.”

“நெனப்பில்லாம கெடந்தீங்கன்னு இல்ல நான் நெனச்சிருந்தேன். ஏன் பேசல?”

அவர் மகனின் கையிலிருந்த துணியை வாங்கித் தன் விரல்களைத் துடைத்தார். விரலில் அழுக்கு இல்லை.

“பேசினா நீ எறங்கி வந்திருப்ப. நீ நிக்க மாட்ட, எனக்குத் தெரியாதா? வயித்துல இவன். பஸ் உன்னைக் கூட்டிக்கினு போயிட்டாப் போதும்னு இருந்தேன். டிரைவர் ஹாரன் அடிச்சப்போ, ஏறிடும்மா, ஏறிடும்மான்னு உள்ளுக்குள்ள சொல்லிக்கினே இருந்தேன். ஜனங்க கூச்சல் போட்டு எறங்கினதுல அதுங்க மூங்கிலை முறிச்சிக்கினு போயிடுச்சு. யாரும் பாக்கல.”

“இத்தன வருசமா ஏன் சொல்லல?”

“அப்ப சொன்னா பயந்திருப்ப. பிரசவ நேரம். அப்பறம்…” அவர் யோசித்தார். “அப்பறம் சொல்ற நேரம் வரல.”

தேவா தரையில் உட்கார்ந்தபடி ஒருமுறை என்னையும் ஒருமுறை அவரையும் பார்த்தான். எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. எல்லாமே புரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் அவன் வார்த்தைகளைத் தேடிச் சேர்த்து, முழுக்கத் தமிழிலேயே கேட்டான்.

“அப்பா, பஸ் போயிருந்தா?”

“போயிருந்தா நிம்மதியா இருந்திருக்கும்” என்றார் அவர். துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டே தொடர்ந்தார்.

“கொஞ்ச நேரத்துக்கு.”